சவுத் மவுண்டனில் முதல் நடை: பீனிக்ஸுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் உள்ள பீனிக்ஸ் நகரில் எங்கே நின்று தெற்கே பார்த்தாலும் ஒரு நீளமான பழுப்பு மலை தெரியும், அதன் முதுகில் வரிசையாகத் தொலைக்காட்சிக் கோபுரங்கள், இரவானால் சிவப்பு விளக்குகள் விட்டு விட்டு எரியும். அதுதான் சவுத் மவுண்டன். 1924-ல் நகரம் மத்திய அரசிடமிருந்து 13,000 ஏக்கரை 17,000 டாலருக்கு வாங்கிப் போட்டது, இப்போது 16,000 ஏக்கருக்கு மேல். மலை மொத்தமும் நகரத்தின் பூங்கா, நுழைவுக் கட்டணம் கிடையாது.

பூங்கா என்றதும் நமக்கு வரும் புல்வெளி, ஊஞ்சல், சுண்டல்காரர் எல்லாவற்றையும் ஓரமாக வைத்துவிடுங்கள். இது பாலைவன மலை. கல், கள்ளி, வெயில், அவ்வளவுதான். நான் பக்கத்து ஊரான சாண்ட்லருக்கு வேலைக்கு வந்த முதல் வருடத்திலிருந்து இங்கே நடக்கிறேன். டெம்பியில் படிக்க வரும் பிள்ளைகளும் அலுவலகத்தில் புதிதாகச் சேருகிறவர்களும் ஒவ்வொரு வருடமும் ஒரே கேள்விகளைக் கேட்கிறார்கள், அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த மலையில் ஆட்கள் சிக்கலில் மாட்டுவதற்குக் காரணம் உயரமோ பாம்போ இல்லை என்பது என் எண்ணம். மேலே எங்கே நின்றாலும் கீழே வீட்டுக் கூரைகள், கார் ஓடும் சாலை, விமானம் இறங்குவது எல்லாம் தெளிவாகத் தெரியும், ஊர் இதோ கைக்கெட்டுகிற தூரத்தில்தானே இருக்கிறது என்று ஒரு தைரியம் வந்துவிடும். ஆனால் பாதையில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது, ஒதுங்கி நிற்க நிழல் கிடையாது, தெரிகிற அந்த வீட்டுக்குப் போய்ச் சேர நீங்கள் வந்த வழியே இரண்டு மைல் திரும்பி நடந்தாக வேண்டும். கீழே எழுதியிருப்பது எல்லாம் இதை மனதில் வைத்துத்தான்.

எந்த மாதம், எந்த நேரம்

நவம்பர் முதல் மார்ச் வரை நல்ல காலம். ஜனவரியில் பகல் வெப்பம் 67, 68 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 20 செல்சியஸ் அளவு, நம் ஊட்டி மாதிரி. காலை ஏழு மணிக்குக் குளிரும், ஒரு ஸ்வெட்டர் வேண்டும், அரை மணி நேரத்தில் அதைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொள்வீர்கள். டிசம்பரில் சூரியன் ஏழரைக்குத்தான் உதிக்கும், மாலை ஐந்து இருபதுக்கெல்லாம் மறைந்துவிடும், அதனால் மதியம் மூன்றரைக்குக் கிளம்புகிற வேலை வேண்டாம்.

ஏப்ரல், அக்டோபர் மாதங்களில் காலையில் மட்டும் போகலாம். மே முதல் செப்டம்பர் வரை என்ன செய்வது என்று கேட்டால், முதல் கோடையில் போகாதீர்கள் என்றுதான் சொல்வேன். கண்டிப்பாகப் போகத்தான் வேண்டும் என்றால் ஐந்து மணிக்குத் தொடங்கி ஏழரைக்குள் காரில் இருக்க வேண்டும். இது பயமுறுத்துவதற்காக இல்லை. 2023-ல் இங்கே தொடர்ந்து 31 நாள் 110 டிகிரியை (43 செல்சியஸ்) எட்டியது அல்லது தாண்டியது. 2024-ல் 113 நாள் இடைவெளியே இல்லாமல் 100 டிகிரி அல்லது அதற்கு மேல். ஜூலையில் நடு இரவிலும் பாறை சூடாகவே இருக்கும், விடியற்காலைக் குளிர்ச்சி என்ற ஒன்று அப்போது கிடையாது.

இதே ஊரில் உள்ள காமல்பேக் மலையையும் பியெஸ்டெவா சிகரத்தையும் கடும் வெப்ப எச்சரிக்கை நாட்களில் பகலில் மூடுகிற திட்டத்தை நகரம் 2021-ல் தொடங்கியது, பிறகு அந்த நேரத்தை நீட்டினார்கள், சவுத் மவுண்டனிலும் சில பாதைகளைச் சேர்த்துவிட்டார்கள். கோடையில் கிளம்பும் முன் நகரத்தின் பூங்காத் துறை பக்கத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள். நாய் வளர்க்கிறவர்களுக்கு இன்னொன்று, 100 டிகிரி ஆகிவிட்டால் நகரத்தின் மலைப்பாதைகளில் நாயைக் கூட்டிப் போகத் தடை. மற்ற நாட்களிலும் கயிற்றில்தான்.

ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் முடியும்வரை இங்கே பருவமழைக் காலம், மான்சூன் என்றே சொல்கிறார்கள். மழை என்றால் நம் ஐப்பசி அடைமழை இல்லை. சாயங்காலம் திடீரென்று புழுதிச் சுவர் எழும்பும், இடி, மின்னல், அரை மணி நேரத்தில் காய்ந்த ஓடையில் முழங்கால் அளவு வெள்ளம் பாயும். அந்த ஓடைகளை இங்கே வாஷ் என்கிறார்கள், பல பாதைகள் அவற்றின் வழியேதான் போகின்றன. தூரத்தில் இடி கேட்டால் அன்றைக்கு நடை இல்லை.

தண்ணீர்

நம்மவர்கள் அதிகம் தவறு செய்வது இங்கேதான், அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

சென்னை வெயிலிலும் மதுரை வெயிலிலும் வளர்ந்த நமக்கு, வேர்த்தால்தான் வெயில். சட்டை முதுகில் ஒட்டினால் தண்ணீர் குடிப்போம். இங்கே காற்று அவ்வளவு உலர்ந்தது, வேர்வை தோலுக்கு வந்த உடனேயே காய்ந்துவிடும். உடம்பிலிருந்து தண்ணீர் போய்க்கொண்டே இருக்கும், ஆனால் கையைத் தடவிப் பார்த்தால் உலர்ந்திருக்கும். ஒரு ஏப்ரலில் ஊரிலிருந்து அப்பா வந்திருந்தார். இந்த மலையின் டெலிகிராஃப் பாஸ் பாதையில் ஏறும்போது, "எனக்கு வேர்க்கவே இல்லைடா, இதெல்லாம் ஒரு வெயிலா" என்றார். கையில் இருந்த பாட்டிலில் கால் பங்குகூடக் குறையவில்லை. கொஞ்ச தூரம் போனதும் பேச்சைக் குறைத்துவிட்டார், கேட்டதற்கு மட்டும் ஒரு சொல்லில் பதில். திரும்பிப் பார்த்தால் அவர் நீலச் சட்டை முதுகில் வெள்ளை வெள்ளையாக உப்புக் கோடு. "அப்பா, இங்கேயே உட்காருங்கப்பா" என்று ஒரு பாறை நிழலில் உட்கார வைத்து, தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்து, தலையில் துண்டை நனைத்துப் போட்டு, அரை மணி நேரம் கழித்துக் கீழே கூட்டி வந்தேன். உச்சிக்கு இன்னும் பத்து நிமிடம்தான் இருந்தது. ஏறவில்லை. அன்றைக்கு ஏறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைக்கிறேன்.

ஆக, தாகத்தை நம்பாதீர்கள், வேர்வையையும் நம்பாதீர்கள். கடிகாரத்தைப் பார்த்துக் குடியுங்கள், பதினைந்து நிமிடத்துக்கு நான்கு வாய். குளிர்காலத்தில் இரண்டு மணி நேர நடைக்கு ஆளுக்கு ஒன்றரை லிட்டர், வெயில் ஏறும் மாதங்களில் மணிக்கு ஒரு லிட்டர். ஆளுக்கு என்றால் ஆளுக்குத்தான், குடும்பத்துக்கு ஒரு பாட்டில் இல்லை. பாதித் தண்ணீர் தீர்ந்ததும் திரும்பு என்று எல்லோரும் சொல்வார்கள். நான் மூன்றில் ஒரு பங்கு என்று வைத்திருக்கிறேன், ஏனென்றால் காலையில் போகும்போது குளிர்ச்சி, வரும்போதுதான் வெயில், திரும்பும் வழிக்குத்தான் கூடுதலாகத் தண்ணீர் வேண்டும்.

வெறும் தண்ணீரை மட்டும் நிறையக் குடித்தாலும் உடம்பில் உப்பு இறங்கிவிடும், தலை கிறுகிறுக்கும். உப்புக் கடலை, முறுக்கு, எலுமிச்சைச் சாறில் உப்பும் சர்க்கரையும் கலந்து ஒரு சின்ன பாட்டில், இவை போதும். கடையில் விற்கும் பொடிகளும் சரிதான். அப்புறம் ஒரு பெரிய பாட்டிலை ஐஸ் பெட்டியில் வைத்துக் காரிலேயே விட்டுவிட்டுப் போங்கள், திரும்பி வந்ததும் அதன் அருமை தெரியும்.

எந்த வாசல்

ஜிபிஎஸ்ஸில் வெறுமனே சவுத் மவுண்டன் பார்க் என்று போட்டால் அது பெரும்பாலும் சென்ட்ரல் அவென்யூவின் தெற்கு முனையில் உள்ள பெரிய வாசலுக்குக் கூட்டிப் போகும். ஆனால் மலையைச் சுற்றிலும் வாசல்கள் இருக்கின்றன, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் பூங்காவுக்குள்ளேயே காரில் போக முடியாது, வெளியே வந்து சுற்றித்தான் போக வேண்டும். நாலு பேர் சேர்ந்து போகும்போது இரண்டு பேர் சென்ட்ரலிலும் இரண்டு பேர் பீமா கேன்யனிலும் நின்றுகொண்டு போனில் தேடிக்கொள்வதை நான் பலமுறை பார்த்துவிட்டேன். மலையின் பெயரை விடுங்கள், பாதை தொடங்கும் இடத்தின் பெயரைச் சொல்லுங்கள்.

டெம்பி, சாண்ட்லர் பக்கம் இருப்பவர்களுக்குக் கிழக்குக் கோடியில் 48-ஆம் தெரு பக்கம் உள்ள பீமா கேன்யன் அருகில். மலைக்குத் தெற்கே அவாட்டுக்கியில் இருப்பவர்களுக்கு டெசர்ட் ஃபுட்ஹில்ஸ் பார்க்வேயில் டெலிகிராஃப் பாஸ். 24-ஆம் தெருவும் வேலி வியூ டிரைவும் சேரும் இடத்தில் மார்மன் பாதை. வண்டி போகும் வாசல்கள் காலை 5 மணிக்குத் திறந்து மாலை 7 மணிக்கு மூடுகின்றன. குளிர்கால சனி, ஞாயிறு காலைகளில் எட்டு மணிக்கு மேல் பீமா கேன்யனில் பார்க்கிங் கிடைப்பது கஷ்டம்.

மாதத்தின் நான்காம் ஞாயிறு, உள்ளே இருக்கும் முக்கியச் சாலைகளில் காரை விடமாட்டார்கள், சைலண்ட் சண்டே என்று பெயர். சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கும் தார்ச் சாலையில் குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்து நடக்கிறவர்களுக்கும் அது பெரிய வரம். காரில் மேலே போகத் திட்டம் போட்டவர்களுக்கு மட்டும் அன்றைக்கு வாய்ப்பில்லை.

முதல் நாள்: பீமா கேன்யன்

முதல் நாள் இங்கேயே போங்கள். பார்க்கிங்கிலிருந்து அகலமான மண் சாலை, ஒரு மைலுக்குச் சற்று மேல், பெரிய ஏற்றம் இல்லை, அது முடிகிற இடத்திலிருந்துதான் நேஷனல் டிரெயில் என்ற நீண்ட பாதை மேலே ஏறத் தொடங்குகிறது. அந்த முனைவரை போய்த் திரும்புங்கள், போதும். ஒரு மணி நேரம், கொஞ்சம் கூட. இந்த நடையின் வேலை மலையேறுவது இல்லை, உங்கள் ஷூ, தொப்பி, தண்ணீர்க் கணக்கு எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது. கல்லும் பொடிப் பரலுமான தரை, உருட்டி உருட்டி விடும், அடியில் பிடிப்பு இல்லாத ஷூ இறக்கத்தில் வழுக்கும். செருப்பு வேண்டவே வேண்டாம்.

பாறைகளைக் கவனித்துப் பாருங்கள், கறுத்த மேற்பரப்பில் வட்டச் சுருள், ஆடு, மனித உருவங்கள் கொத்தியிருக்கும். பல நூற்றாண்டுகளுக்கு முன் இந்தப் பள்ளத்தாக்கில் வாய்க்கால் வெட்டி விவசாயம் செய்த ஹோஹோகாம் மக்கள் கொத்தியவை. அவர்கள் வழிவந்த ஆகிமெல் ஓதம் மக்கள் இந்த மலையை மூஹாடாகி தோஆக் என்று அழைக்கிறார்கள், அவர்களுக்கு இது புனிதமான மலை, அவர்களின் நிலம் மலைக்குத் தெற்கே இன்றும் இருக்கிறது. கை வைக்காதீர்கள், தோலின் எண்ணெய் படிந்தால் கெடும். கோயில் சிற்பத்தில் ஆணியால் பெயர் கிறுக்கியிருப்பதைப் பார்த்து வயிறு எரிந்தவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாவது: டெலிகிராஃப் பாஸ்

தந்திக் கம்பி இந்தக் கணவாய் வழியாகப் போனதால் வந்த பெயர். முதல் கொஞ்ச தூரம் தார் போட்ட பாதை, பாட்டி தாத்தாகூட நடக்கலாம், வழியில் ஹோஹோகாம் கொத்துவேலை உள்ள பாறை. அதன் பிறகு கல் படிகளாகச் செங்குத்தாக ஏறும். ஒரு வழி ஒன்றரை மைலுக்குள்தான். மாலையில் மேற்கு வெளிச்சத்தில் அழகாக இருக்கும், அதனால் கூட்டம். மூச்சு வாங்கினால் நின்று ஏறுங்கள், யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள்.

மூன்றாவது: ஹோல்பர்ட் வழியாக டாபின்ஸ் லுக்அவுட்

ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருந்தால் இதுதான் சரியான நாள். டாபின்ஸ் லுக்அவுட் 2,330 அடி உயரத்தில் இருக்கிறது, கல்லால் கட்டிய காட்சி மேடை, நகரம் முழுவதும் காலடியில். அங்கே தார்ச் சாலையும் போகிறது. பெரியவர்களைக் காரில் ஒருவர் கூட்டிக்கொண்டு மேலே போகட்டும், நடக்கிறவர்கள் கீழே சென்ட்ரல் வாசலருகே இருந்து ஹோல்பர்ட் பாதையில் ஏறி அங்கே போய்ச் சேரட்டும். இரண்டரை மைல், ஆயிரம் அடிக்கு மேல் ஏற்றம், இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். கூட்டிப் போனவர் காரிலேயே எல்லோரும் இறங்கிவிடலாம், முழங்காலுக்கு நல்லது. எலுமிச்சைச் சாதம் கட்டிக்கொண்டு போய் அந்தக் கல் மேடையில் உட்கார்ந்து சாப்பிட்ட நாட்கள் எனக்கு இந்த ஊரிலேயே பிடித்த நாட்கள். குப்பையைத் திருப்பிக் கொண்டு வந்துவிடுங்கள், ஆரஞ்சுத் தோல்கூட இந்த உலர்ந்த மண்ணில் மக்காமல் கிடக்கும்.

அந்த மேடையும் பூங்காவில் பார்க்கிற கல் மண்டபங்கள் பலவும் 1930-களில், பொருளாதார வீழ்ச்சிக் காலத்தில், வேலையில்லாத இளைஞர்களுக்கு அமெரிக்க அரசு வேலை கொடுக்க அமைத்த படை கட்டியவை. இங்கேயே கிடைத்த கல். தொண்ணூறு வருடம் ஆகிறது, அசையவில்லை.

நான்காவது: ஹிட்டன் வேலி

மேலே உள்ள மூன்றையும் முடித்த பிறகுதான் இது. மார்மன் பாதையில் ஏறினால் ஒரு மைலுக்குச் சற்று மேல் கடுமையான ஏற்றம், பிறகு நேஷனல் டிரெயில், அதிலிருந்து பிரிந்து ஹிட்டன் வேலி. சுற்றிலும் பாறைகள் மூடி நிற்க, நடுவில் மணல் பரவிய ஒரு சின்னப் பள்ளத்தாக்கு. அதற்குள் நுழைந்ததும் நகரம் கண்ணிலிருந்து மறைந்துவிடும், சத்தமும் நின்றுவிடும். ஃபேட் மேன்ஸ் பாஸ் என்று இரண்டு பெரும் பாறைகளுக்கு நடுவே பக்கவாட்டில் ஒருக்களித்து நுழைகிற சந்து, இத்தனை வருடம் ஆட்கள் உரசி உரசிப் பாறை பளிங்கு மாதிரி வழவழவென்று இருக்கிறது. முதுகுப்பையைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நுழையுங்கள். நுழைய முடியாதவர்கள் பக்கத்துப் பாறை மேலேறிக் கடக்கலாம். இன்னொரு முனையில் பாறைகள் கூரை போல மூடிய இயற்கைச் சுரங்கம், மே மாதத்திலும் அதற்குள் குளிர்ச்சி.

பாறைகள் நெருங்கிக் கிடக்கும் இடம் என்பதால் ஒற்றையடித் தடங்கள் நாலு பக்கமும் பிரியும். ஆஃப்லைன் வரைபடத்தை வீட்டிலேயே இறக்கிக்கொள்ளுங்கள், பள்ளத்தில் சிக்னல் வந்து வந்து போகும். போனை வெயிலில் பிடித்துக்கொண்டே நடந்தால் சூடேறி அணைந்துவிடும், பைக்குள் வையுங்கள்.

மலையின் நீளம் முழுக்க ஓடும் நேஷனல் டிரெயில் ஏறத்தாழ 15 மைல். அதை இரண்டாம் வருடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். மேற்குப் பாதியில் ஆள் நடமாட்டம் குறைவு, அங்கே உள்ள பாறை சுமார் 170 கோடி வருடப் பழசு, கிழக்குப் பாதியின் கருங்கல்லோ அதன் முன் நேற்றுப் பிறந்த குழந்தை, இரண்டரைக் கோடி வருடம்தான். தெற்கு அடிவாரத்தில் உள்ள டெசர்ட் கிளாசிக் பாதை சமமாகத்தான் இருக்கும், ஆனால் சைக்கிள்காரர்கள் வேகமாக வருவார்கள், இரண்டு காதிலும் பாட்டு மாட்டிக்கொண்டு போகாதீர்கள். சைக்கிள் நடப்பவருக்கு வழி விட வேண்டும், குதிரைக்கு எல்லோரும் வழி விட வேண்டும், ஏறி வருகிறவருக்கு இறங்குகிறவர் ஒதுங்கி நிற்க வேண்டும். இது இங்கே எல்லோரும் மதிக்கிற வழக்கம்.

கள்ளி, பாம்பு, தேனீ

நம் ஊர் வேலியில் பார்த்த சப்பாத்திக்கள்ளி அமெரிக்கக் கண்டத்திலிருந்து நமக்கு வந்தது, இங்கே அதன் சொந்தக்காரர்கள் எல்லோரையும் பார்க்கலாம். கை விரித்து நிற்கும் சுவாரோ கள்ளிகளுக்கு அந்தக் கை முளைக்கவே 50 முதல் 100 வருடம் ஆகும். தொந்தரவு தருவது சோயா (cholla) என்ற இன்னொரு கள்ளி. தூரத்தில் கரடி பொம்மை மாதிரி மெத்தென்று தெரியும், லேசாக உரசினால் போதும், ஒரு துண்டு கழன்று உங்கள் காலில் ஒட்டிக்கொள்ளும். கையால் பிடுங்கக் கூடாது, அப்புறம் கையிலும் சேரும். பையில் ஒரு அகலப் பல் சீப்பு வையுங்கள், முள்ளுக்கும் தோலுக்கும் நடுவே நுழைத்து வெளிப்பக்கமாகச் சுண்டிவிடுங்கள், மீதி முள்ளை இடுக்கியால் எடுங்கள். குழந்தைகளை முன்னால் ஓட விடாதீர்கள், இதற்காகத்தான்.

கிலுகிலுப்பைப் பாம்பு இருக்கிறது. மார்ச்சுக்கு மேல் வெளியே வரும். பாதையை விட்டு விலகாமல், பாறை இடுக்கில் கை விடாமல், எங்கே உட்காருகிறோம் என்று பார்த்து உட்கார்ந்தால் பயப்பட ஒன்றுமில்லை. சத்தம் கேட்டால் நின்று, எங்கே என்று பார்த்து, மெல்லப் பின்வாங்குங்கள். கடித்துவிட்டால் கயிறு கட்டாதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள், ஐஸ் வைக்காதீர்கள். மோதிரம், கடிகாரத்தைக் கழற்றிவிட்டு அசையாமல் உட்கார்ந்து அவசர உதவி எண் 911-ஐ அழையுங்கள். தேனீக் கூட்டம் துரத்தினால் கையை வீசாமல் முகத்தை மூடிக்கொண்டு ஓடுங்கள்.

சக்வாலா என்ற பருத்த பல்லியைப் பார்த்தால் நின்று ரசியுங்கள், இந்த மலையில் ஆண் பல்லிகளுக்கு வால் காரட் நிறம். பயந்தால் பாறை இடுக்கில் புகுந்து உடம்பை ஊதிக்கொள்ளும், உடும்புப்பிடிதான், இழுக்க முடியாது.

முடியவில்லை என்றால்

தலைவலி, குமட்டல், தசைப்பிடிப்பு, எரிச்சலான பேச்சு, இவற்றில் ஒன்று வந்தாலே நடை முடிந்தது. நிழலில் உட்கார்ந்து, தண்ணீரும் உப்பும் எடுத்து, தலையையும் கழுத்தையும் நனைத்து, தெளிந்த பிறகு கீழே இறங்குங்கள். பேச்சு குழறினாலோ, எங்கே இருக்கிறோம் என்று புரியாமல் விழித்தாலோ காத்திருக்காதீர்கள், உடனே 911. பாதையின் பெயர், கடைசியாகப் பார்த்த கம்பத்தில் எழுதியிருப்பது, போனில் தெரியும் இடக்குறியீடு மூன்றையும் சொல்லுங்கள்.

பில் எவ்வளவு வருமோ என்று நினைத்து நம்மவர்கள் போன் செய்யத் தயங்குவது எனக்குத் தெரியும், நானும் அப்பாவுடன் அந்தப் பாறை நிழலில் உட்கார்ந்திருந்தபோது அதைத்தான் யோசித்தேன். மலையிலிருந்து மீட்டுக் கீழே கொண்டு வருவதற்கு பீனிக்ஸ் நகரம் கட்டணம் வாங்குவதில்லை. ஆம்புலன்ஸும் மருத்துவமனையும் தனிக் கணக்கு, ஆனால் அதற்காக மேலேயே உட்கார்ந்திருக்காதீர்கள்.

கிளம்பும் முன் வீட்டிலோ ரூம்மேட்டிடமோ எந்த வாசல், எந்தப் பாதை, எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று ஒரு செய்தி அனுப்புங்கள். திரும்பி வந்து காரில் உட்கார்ந்ததும் வந்தாச்சு என்று இன்னொன்று. ஷூவைக் காருக்கு வெளியிலேயே தட்டிவிடுங்கள், சோயா முள் கால் மிதியடியில் விழுந்தால் ஒரு மாதத்துக்குக் குத்தும்.